ஏழு வாரம், 3,500 டாலர்: பேலா லுகோசியின் அமெரிக்க வாழ்க்கை எப்படிச் சரிந்தது?

1931இல் வெளிவந்த ‘டிராகுலா’ படத்தில் தலைப்பு வேடம் ஏற்ற பேலா லுகோசிக்கு வாரச் சம்பளம் 500 டாலர். ஏழு வாரத்துக்கு மொத்தம் 3,500 டாலர். அந்தக் கதையின் திரைப்பட உரிமைக்கு மட்டும் யுனிவர்சல் நிறுவனம் 40,000 டாலர் கொடுத்திருந்தது. படம் அந்த ஆண்டு யுனிவர்சலுக்கு நல்ல லாபம் தந்த படங்களில் ஒன்றாக ஆனது. அதற்கடுத்த ஆண்டே, 1932இல், லுகோசி திவால் மனு கொடுத்தார்.

அவர் ஏன் மேலே வரவில்லை என்று கேட்டால் வழக்கமாக இரண்டு பதில் வரும். ஹங்கேரிய உச்சரிப்பு அவரை விடவில்லை என்பார்கள். டிராகுலா முத்திரை விழுந்துவிட்டது என்பார்கள். இரண்டிலும் உண்மை உண்டு, ஆனால் இரண்டும் சேர்ந்தாலும் கணக்கு சரியாக வராது. அதே புடாபெஸ்ட் மேடையிலிருந்து, அதே கனத்த உச்சரிப்போடு வந்தவர் பால் லூகாஸ். 1927இல் பாரமவுண்ட் நிறுவனத்தின் ஒப்பந்தத்தோடு ஹாலிவுட்டுக்கு வந்து, 1943இல் வெளியான படத்துக்காகச் சிறந்த நடிகருக்கான ஆஸ்கர் வாங்கினார். உச்சரிப்பு ஒன்றே தடை என்றால் லூகாஸும் தடுக்கி விழுந்திருக்க வேண்டும். லுகோசியின் வாழ்க்கையைத் தீர்மானித்தது அவர் எந்த விலைக்கு, எந்த மாதிரி ஒப்பந்தத்தில் உள்ளே நுழைந்தார் என்பதுதான். படம் படமாக, சம்பளம் சம்பளமாகப் பார்த்தால் இது தெளிவாகும்.

அவர் பிறந்தது 1882 அக்டோபர் 20, அன்றைய ஹங்கேரி ராஜ்யத்தின் லுகோஸ் நகரில். இன்று அது ருமேனியாவில் இருக்கிறது. இயற்பெயர் பேலா பிளாஸ்கோ. ஊர்ப் பெயரையே பிறகு மேடைப் பெயராக்கிக்கொண்டார். சிறுவயதிலேயே வீட்டை விட்டுக் கிளம்பி, சுரங்கத்தில் வேலை பார்த்து, மாகாண நாடகக் குழுக்களில் சேர்ந்து படிப்படியாக வந்தவர். சேகெத் நகரில் ரோமியோவாக நடித்தார். இயேசுவின் பாடுகளைச் சொல்லும் நாடகத்தில் இயேசுவாகவும் நடித்தார். 1913இல் புடாபெஸ்ட் தேசிய நாடக அரங்கில் இடம் கிடைத்தது. அங்கே பெரும்பாலும் சிறு வேடங்கள்தான். முதல் உலகப் போரில் காலாட்படை அதிகாரியாகப் போய், காயம்பட்டுத் திரும்பினார். அவருடைய ஹங்கேரிய வாழ்க்கையில் இங்கே நமக்கு முக்கியம் ஒன்றுதான்: அவர் பயின்று வந்தது காதல் நாயகன் வேடங்களில். உயரம், நிமிர்ந்த தோள், நிதானமான நடை, பெண்ணின் கையைப் பிடித்துக் குனியும் பாங்கு எல்லாம் அங்கே படிந்தவை. பயமுறுத்தும் வேடம் அவர் தேடிப் போனதல்ல.

ஊரை விட்டுக் கிளம்ப வைத்தது அரசியல். 1919இல் பேலா குன் தலைமையில் ஹங்கேரியில் 133 நாள் கம்யூனிஸ்ட் ஆட்சி நடந்தபோது, நடிகர்களுக்குச் சங்கம் அமைப்பதில் லுகோசி முன்னால் நின்றார். ஆட்சி கவிழ்ந்ததும் இருக்க முடியவில்லை. வியன்னா, பிறகு பெர்லின். அங்கே சில மௌனப் படங்களில் நடித்தார். முர்னாவ் இயக்கிய ஒரு படத்தில் வேலைக்காரர் வேடமும் உண்டு. 1920 டிசம்பரில் சரக்குக் கப்பலில் பணியாளாக நியூ ஆர்லியன்சில் வந்து இறங்கினார். நியூயார்க்கின் எல்லிஸ் தீவுக் குடியேற்ற நிலையத்தில் 1921 மார்ச்சில் முறைப்படி பதிவானார். வயது 38. நடிகனுக்கு இது பாதி வாழ்க்கை முடிந்த வயது. லூகாஸோ அழைத்து வரப்பட்டவர்; லுகோசியை யாரும் அழைக்கவில்லை. இந்த வித்தியாசம் கடைசிவரை பின்தொடர்ந்தது.

நியூயார்க்கில் ஹங்கேரியக் குடியேறிகளுக்காக ஹங்கேரிய மொழியிலேயே நாடகம் போடும் குழு ஒன்றைச் சேர்த்தார். ஆங்கில மேடையில் முதல் வாய்ப்பு 1922 டிசம்பரில், ‘தி ரெட் பாப்பி’ நாடகத்தில். மொழி தெரியாததால் வசனம் முழுவதையும் வெறும் ஒலியாகவே மனப்பாடம் செய்தார். இப்படிப் படிப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. தன் வசனத்தை மட்டும் படித்தால் போதாது. எதிரில் நிற்பவர் முடிக்கும் கடைசிச் சொற்களையும் ஒலியாகவே காதில் ஏற்றிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் எங்கே வாய் திறப்பது என்று தெரியாது. எதிராளி ஒரு சொல்லை மாற்றிப் போட்டால் பிடிமானம் போய்விடும். அதனால் இப்படி நடிப்பவர் பேசுவதற்கு முன் இயல்பாகவே ஒரு கணம் நிறுத்துவார். நாடகம் சீக்கிரம் நின்றுபோனது, ஆனால் லுகோசிக்கு நல்ல பெயர் கிடைத்தது. பிராட்வேயில் அடுத்தடுத்து வேறு வேடங்கள் வந்தன.

இங்கே ஒரு தவறான செய்தியைச் சரிசெய்ய வேண்டும். ‘டிராகுலா’ படத்தில் நடித்தபோது அவருக்கு ஆங்கிலமே தெரியாது, ஒலியை ஒப்பித்தார் என்று இன்றும் எழுதுகிறார்கள். அது 1922ஆம் ஆண்டுக் கதை. படம் எடுத்தபோது அவர் அமெரிக்காவில் கிட்டத்தட்ட பத்து ஆண்டு வாழ்ந்து முடித்திருந்தார், ஆங்கிலம் பேசினார். அந்தப் பேச்சு ஏன் அப்படி இழுத்துக் கேட்கிறது என்பதற்குக் காரணம் ஹங்கேரிய மொழியின் அமைப்பில் இருக்கிறது. ஹங்கேரியனில் அழுத்தம் எப்போதும் சொல்லின் முதல் அசையில் விழும். அழுத்தம் இல்லாத உயிரொலிகளும் தேயாமல் முழுதாக ஒலிக்கும். ஆங்கிலம் பேசுகிறவர்கள் அவற்றை விழுங்கிவிடுவார்கள். லுகோசி ஒன்றையும் விழுங்கவில்லை. மற்றவர்கள் தாண்டிப் போகும் அசையிலும் அவர் நின்று போகிறார். படத்தில் பின்னணி இசை ஏறக்குறைய இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் சைக்கோவ்ஸ்கி, நடுவில் இசையரங்குக் காட்சியில் கொஞ்சம், அவ்வளவுதான். மீதி நேரம் அமைதி. அந்த அமைதியில் அந்தக் குரல் மட்டும் தனியாக நிற்கிறது.

மேடை ‘டிராகுலா’வுக்கு வருவோம். இங்கிலாந்தில் ஹாமில்டன் டீன் எழுதி நடத்திய நாடகத்தை, அமெரிக்காவுக்காக ஜான் பால்டர்ஸ்டன் திருத்தி எழுதினார். தயாரிப்பாளர் ஹொரேஸ் லிவ்ரைட். லண்டனில் அந்த வேடம் போட்ட ரேமண்ட் ஹன்ட்லி வர மறுத்ததால் இடம் காலியானது, அது லுகோசிக்கு வந்தது. 1927 அக்டோபர் 5, ஃபுல்டன் அரங்கு. 261 காட்சிகள்.

பிராம் ஸ்டோக்கரின் நாவலில் டிராகுலா வெள்ளை மீசை வைத்த கிழவர், பெரும்பாலும் கண்ணில் படாமல் இருப்பவர். நாடகம் அவரை மாலை விருந்து உடையோடு வரவேற்பறைக்குள் கொண்டுவந்தது. விருந்தாளியாக வந்து பேச வேண்டிய ஆள் என்றால் கவர்ச்சி வேண்டும். காதல் நாயகனாகப் பழகிய லுகோசி அதற்கு அச்சாகப் பொருந்தினார். இன்று யார் டிராகுலா படம் வரைந்தாலும் கழுத்துக்குப் பின்னால் உயர்ந்து நிற்கும் காலர் ஒன்றைப் போடுகிறார்கள் அல்லவா, அதற்கும் காரணம் நாடகம்தான். அழகுக்காக வைத்ததல்ல. மேடையில் டிராகுலாவைச் சூழ்ந்து மேலங்கியைப் பிடிப்பார்கள். நடிகர் பார்வையாளர்களுக்கு முதுகைக் காட்டி நிற்பார். உயர்ந்த காலர் தலையை மறைத்துவிடும். தோளின் வடிவம் குலையாதபடி மேலங்கிக்குள் கம்பி இருக்கும். அவர் மேடைத் தரையிலுள்ள திறப்பின் வழியே கீழே நழுவிவிடுவார். பிடித்திருந்தவர்களின் கையில் வெற்று மேலங்கி துவளும். அந்த வித்தை சினிமாவுக்குத் தேவைப்படவில்லை. காலர் மட்டும் தங்கிவிட்டது.

நியூயார்க்கில் முடிந்ததும் நாடகம் மேற்குக் கரைக்குப் போனது. 1928, 29இல் அங்கே லுகோசி அந்த வேடத்தைத் தொடர்ந்தார். சினிமாக்காரர்கள் அவரை நேரில் பார்த்தது அப்போதுதான்.

அப்படியிருந்தும் யுனிவர்சலுக்கு அவர் முதல் தேர்வு இல்லை. லான் சேனி அந்த வேடத்துக்குப் பேசப்பட்டவர்களில் ஒருவர். அவர் 1930 ஆகஸ்ட் 26இல் புற்றுநோயால் இறந்தார். அதற்குப் பிறகும் வேறு பல பெயர்கள் பரிசீலனையில் இருந்தன. லுகோசி இந்த வேடத்தை எவ்வளவு ஆசைப்பட்டார் என்பது நிறுவனத்துக்குத் தெரியும். உரிமைப் பேச்சு இழுபறியாக இருந்த நேரத்தில் ஸ்டோக்கரின் மனைவி ஃபுளோரன்சுக்குக் கடிதம் எழுதி, விலையை இறக்கச் சொல்லி யுனிவர்சலுக்காகப் பேசியவரே லுகோசிதான். அதற்காக அவருக்கு ஒரு காசும் வரவில்லை. பேரத்தில் இதைவிடப் பெரிய பலவீனம் கிடையாது: எதிர்த்தரப்புக்கு நம் அவசரம் தெரிந்துவிட்டால் விலையை அவர்கள்தான் சொல்வார்கள். பொருளாதார மந்தம் தொடங்கிய காலம், ஆள் வெளிநாட்டுக்காரர், கையில் வேறு ஒப்பந்தம் இல்லை. 500 டாலர் என்றார்கள், சரி என்றார்.

படப்பிடிப்பு 1930 செப்டம்பர் 29 முதல் நவம்பர் நடுப்பகுதி வரை. இயக்கம் டாட் பிரவுனிங், ஒளிப்பதிவு ஜெர்மனியிலிருந்து வந்த கார்ல் ஃபிராய்ண்ட். இரவில் அதே செட்களில் வேறொரு குழு ஸ்பானிஷ் மொழியில் இதே கதையை எடுத்தது. டப்பிங் இன்னும் சரிவராத காலம் என்பதால் வெளிநாட்டுச் சந்தைக்கு இப்படித்தான் தனிப்படம் எடுப்பார்கள். ஸ்பானிஷ் படத்தில் கேமரா அதிகம் நகர்கிறது, காட்சியமைப்பு பல இடங்களில் மேல். அதில் இல்லாதது லுகோசி மட்டுமே. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் அவருடைய பங்கு என்ன என்று உடனே தெரியும். அவருடைய படத்தில் ஒரு கோரைப்பல்கூடக் காட்டப்படுவதில்லை. கண்ணின் மேல் மட்டும் விழும் குறுகிய ஒளிக்கற்றை, அசையாத முகம், விரல்களின் மெதுவான வளைவு ஆகியவற்றாலேயே பயம் உண்டாகிறது. இவை மேடையில் நூற்றுக்கணக்கான முறை செய்து செதுக்கியவை.

சம்பளம் குறைந்தால் குறைந்ததுதானே, அடுத்த படத்தில் கேட்டு வாங்கலாமே என்று தோன்றும். அன்றைய ஸ்டுடியோ முறையில் அது எளிதல்ல. பெரிய நடிகர்களுக்கு ஏழாண்டு ஒப்பந்தம் போடுவார்கள். குறிப்பிட்ட இடைவெளிகளில் அதைத் தொடர்வதா விடுவதா என்று நிறுவனம் முடிவெடுக்கும். தொடர்ந்தால் சம்பளம் ஒரு படி ஏறும். நடிகருக்கு அது விலங்குதான், ஆனாலும் லாபம் உண்டு. வாராவாரம் சம்பளம் கொடுக்கிற ஆளைச் சும்மா வைத்திருக்க நிறுவனத்துக்கு மனம் வராது. வக்கீல், டாக்டர், அப்பா என்று விதவிதமான வேடம் தரும். அவர் முகத்தை விளம்பரப்படுத்தும். படத்துக்குப் படம் கூலி வாங்குகிறவருக்கு இது எதுவும் கிடையாது. அவரை அழைப்பவர் ஏற்கெனவே ஓடிய சரக்கைத்தான் கேட்பார். லுகோசி பெரும்பாலும் இந்த இரண்டாம் வகையில்தான் இருந்தார். வேட முத்திரை என்று நாம் சொல்வது பார்வையாளர்களின் மனதில் மட்டும் விழுவதில்லை. கூலி முறையே அதை உண்டாக்குகிறது.

‘ஃபிராங்கன்ஸ்டைன்’ விவகாரம் பலருக்குத் தெரியும். 1931இல் முதலில் இயக்குவதாக இருந்தவர் ராபர்ட் ஃபுளோரி. பிணத்திலிருந்து உருவான ராட்சத வேடம் லுகோசிக்கு. ஒப்பனைச் சோதனைப் படம்கூட எடுத்தார்கள். வசனமே இல்லாத, முகமே தெரியாத வேடம் அவருக்குப் பிடிக்கவில்லை. குரலையும் முகத்தையும் வைத்து வந்தவருக்கு அது நியாயமான மனக்குறை. ஜேம்ஸ் வேல் இயக்க வந்ததும் ஃபுளோரியும் லுகோசியும் சேர்ந்தே வெளியேறினார்கள்; வேடம் போரிஸ் கார்லாஃபுக்குப் போனது. இதை லுகோசி செய்த பெரும்பிழையாகச் சொல்கிறார்கள். நாங்கள் அப்படி நினைக்கவில்லை. அவர் அந்த வேடத்தை ஏற்றிருந்தாலும் விலை அதேதான் இருந்திருக்கும். கார்லாஃபை யுனிவர்சல் ஒப்பந்தத்தில் கட்டி வளர்த்தது. லுகோசியிடம் அந்த அக்கறையைக் காட்டவில்லை.

எண்ணிக்கையில் பாருங்கள். 1934இல் ‘தி பிளாக் கேட்’ படத்தில் இருவரும் சமமான வேடம். கார்லாஃபுக்கு 7,500 டாலர், லுகோசிக்கு 3,000. அடுத்த ஆண்டு ‘தி ரேவன்’ படத்தில் கதையைச் சுமப்பவர் லுகோசிதான், கார்லாஃபுக்குத் துணை வேடம். அப்போதும் கார்லாஃபுக்கு 10,000, லுகோசிக்கு 5,000; விளம்பரத்தில் முதல் பெயரும் கார்லாஃபுடையது. அதற்கு முன், 1932இல், ஹால்பெரின் சகோதரர்கள் சொற்பக் கூலிக்கு அவரை வைத்து ‘ஒயிட் ஸோம்பி’ எடுத்தார்கள். படம் செலவைப் போலப் பல மடங்கு ஈட்டியது. திவால் மனு கொடுத்தது அதே ஆண்டில். விருந்தும் தானமுமாகக் கைவிரித்துச் செலவழிப்பவர் என்பது உண்மைதான், ஆனால் வரவு இப்படியிருந்தால் சிக்கனக்காரரும் தடுமாறுவார். 1933இல் திரை நடிகர் சங்கம் தொடங்கியதும் அவர் 28ஆம் எண் உறுப்பினராகச் சேர்ந்ததில் வியப்பில்லை. சங்கம் கட்டியதற்காக நாட்டையே இழந்தவர் மறுபடியும் சங்கத்தில் சேர்ந்தார். இதற்காகவே அவரை மதிக்கலாம்.

1936இல் தொழிலே அவர் காலடியில் சரிந்தது. லேம்லி குடும்பம் வாங்கிய கடனைத் திருப்ப முடியாமல் யுனிவர்சலை இழந்தது. புதிய நிர்வாகம் திகில் படங்களை நிறுத்தியது. பிரிட்டனில் உள்ளூராட்சி அமைப்புகளும் தணிக்கையும் இத்தகைய படங்களுக்கு எதிராக இறுகின. 1937இல் 16 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களை அனுமதிக்காத ‘எச்’ சான்றிதழ் வந்தது. ஆங்கிலம் பேசும் மிகப் பெரிய வெளிநாட்டுச் சந்தை சுருங்கினால் அமெரிக்காவில் அந்தப் படத்தைத் தொடங்கவே மாட்டார்கள். கார்லாஃப் வேறு வேடங்களில் சமாளித்தார். லுகோசிக்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டு வேலை மிக அரிதாகவே கிடைத்தது. 1938 ஜனவரியில் மகன் பிறந்தபோது கையில் பணம் இல்லாத நிலை.

மீட்டது ஒரு சின்னத் திரையரங்கு. லாஸ் ஏஞ்சலிசில் ரெஜினா என்ற அரங்கு 1938 கோடையில் ‘டிராகுலா’, ‘ஃபிராங்கன்ஸ்டைன்’, இன்னொரு பழைய படம் என்று மூன்றையும் ஒரே சீட்டில் காட்டியது. கூட்டம் நெரிந்தது. யுனிவர்சல் உடனே பழைய படங்களை நாடு முழுவதும் மறுவெளியீடு செய்து, ‘சன் ஆஃப் ஃபிராங்கன்ஸ்டைன்’ படத்தையும் தொடங்கியது. லுகோசியின் அவசரம் மறுபடியும் அவர்களுக்குத் தெரியும். 1,000 டாலராக இருந்த வாரக் கூலியை 500க்கு இறக்கி, அவருடைய காட்சிகளை ஒரே வாரத்தில் முடித்துவிடத் திட்டமிட்டார்கள். இயக்குநர் ரோலண்ட் லீ இதை அறிந்து, படப்பிடிப்பு முடியும்வரை அவரை வைத்திருப்பேன் என்று காட்சிகளை நீட்டித்துக்கொண்டே போனார். தூக்கில் போட்டும் சாகாமல் கழுத்து முறிந்த இகோர் வேடம் அது. தாடி, கோணல் பல், கரகரத்த குரல், ஒரு பக்கம் சாய்ந்த தலை. டிராகுலாவின் சாயல் ஒரு துளியும் இல்லை. அவருடைய ஆகச்சிறந்த திரை நடிப்பு இதுதான் என்பது எங்கள் உறுதியான கருத்து. அதே 1939இல் ‘நினோச்கா’வில் கிரேட்டா கார்போவுக்கு எதிரே ஒரே ஒரு காட்சி: சோவியத் அதிகாரி, மேசை, சாதாரண உடை. குரலை ஏற்றாமல் இறக்காமல் பேசிவிட்டுப் போகிறார். இப்படி இன்னும் பத்து வேடம் கொடுத்திருக்கலாமே என்ற ஆற்றாமை அந்தக் காட்சியைப் பார்க்கும்போதெல்லாம் வருகிறது.

அடுத்து நடந்தது இன்னும் வேதனை. 1942இல் வந்த அடுத்த ஃபிராங்கன்ஸ்டைன் படத்தின் முடிவில் இகோரின் மூளையை ராட்சதனின் தலைக்குள் வைக்கிறார்கள். ராட்சதன் லுகோசியின் குரலில் பேசுகிறான், ரத்தம் ஒவ்வாமல் கண் பார்வை போகிறது. ஆகவே 1943இல் வந்த தொடர்ச்சியில் ராட்சதனாக லுகோசியே நடிப்பது கதைப்படி சரி. அறுபது வயதில், கனத்த ஒப்பனையில், குருடனாக, கைகளை முன்னால் நீட்டித் தடவித் தடவி நடந்தார். படம் முடிந்தபின் ராட்சதனின் வசனம் முழுவதையும் வெட்டினார்கள். பார்வை இல்லை என்ற தகவலும் அதோடு போய்விட்டது. திரையில் மிஞ்சியது, ஏன் என்று தெரியாமல் கையை நீட்டிக்கொண்டு தள்ளாடும் உருவம். பார்த்தவர்கள் அவருக்கு நடிக்கத் தெரியவில்லை என்றார்கள். இன்றுவரை குழந்தைகள் ஃபிராங்கன்ஸ்டைன் ராட்சதனாக நடிக்கக் கையை நீட்டுவது இதிலிருந்து வந்ததுதான்.

இதே ஆண்டுகளில் சாம் கட்ஸ்மன் தயாரித்து மோனோகிராம் நிறுவனம் வெளியிட்ட ஒன்பது படங்களில் நடித்தார். இவை ஏன் அவ்வளவு மோசம் என்பதற்கு அன்றைய வாடகை முறை பதில் சொல்லும். அரங்குகள் ஒரே சீட்டுக்கு இரண்டு படம் காட்டின. முதல் படத்துக்கு வசூலில் பங்கு. இரண்டாவது படத்துக்கு நிலையான வாடகை. நிலையான வாடகைப் படம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் ஒரு டாலர் கூடுதலாக வராது. எனவே லாபம் பார்க்க ஒரே வழி செலவைக் குறைப்பது: சில நாள் படப்பிடிப்பு, ஒரே டேக், பழைய செட். சுவரொட்டியில் போட ஒரு பெயர் மட்டும் வேண்டும். லுகோசி விற்றது அந்தப் பெயரைத்தான். அந்தப் படங்களிலும் அவர் சோம்பேறித்தனமாக நடித்த காட்சி ஒன்றுகூட இல்லை என்பதைச் சொல்லியாக வேண்டும்.

திரையில் டிராகுலாவாக அவர் மறுபடி நடித்தது 1948இல், அபாட் - காஸ்டெல்லோ இரட்டையரின் நகைச்சுவைப் படத்தில் ஒரே ஒரு முறை. அதில் தன் பாத்திரத்தைச் சிரிப்பாக்காமல் கண்ணியமாகவே செய்தார். மற்றபடி வயிற்றைக் கழுவியது மேடை: கோடை நாடகக் குழுக்கள், ஊர் ஊராக ‘டிராகுலா’, 1951இல் பிரிட்டன் சுற்றுப்பயணம். வலிக்காகத் தொடங்கிய மருந்து பழக்கமாக முற்றி, 1955 ஏப்ரலில் தானாகவே அரசு மருத்துவமனையில் சேர்ந்தார். ஆகஸ்டில் குணமாகி வெளியே வந்தார். ஹாலிவுட்டில் அதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டு சிகிச்சை பெற்றவர்கள் அன்று மிக அரிது. 1956 ஆகஸ்ட் 16இல் இறந்தார்.

கூலிக் கணக்கு அதோடு முடியவில்லை. 1960களில் யுனிவர்சல் டிராகுலா பொம்மை, முகமூடி, சட்டை என்று உரிமம் விற்றபோது அவற்றில் இருந்தது லுகோசியின் முகம். மனைவியும், வழக்கறிஞராகிவிட்ட மகனும் வழக்குத் தொடுத்தார்கள். கீழ் நீதிமன்றத்தில் வென்றார்கள். 1979இல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. தன் பெயரையும் முகத்தையும் வணிகமாக்கும் உரிமை தனிப்பட்டது, வாழும் காலத்தில் பயன்படுத்தாவிட்டால் வாரிசுகளுக்கு இறங்காது என்பது தீர்ப்பு. ஏழு வாரச் சம்பளத்துக்குக் கொடுத்த முகம் நிறுவனத்திடமே தங்கியது. இந்தத் தீர்ப்புக்கு எழுந்த எதிர்ப்பால் மாநிலம் தனிச் சட்டம் இயற்றியது. 1985இல் நடைமுறைக்கு வந்த அச்சட்டம், இறந்தவரின் பெயர், குரல், உருவம் ஆகியவற்றின் மீதான உரிமையை வாரிசுகளுக்கு 50 ஆண்டுக்குக் கொடுத்தது. பின்னர் அது 70 ஆண்டாக நீட்டப்பட்டது. இறந்த தேதியிலிருந்து எண்ணினால் லுகோசிக்கு அந்தக் காலம் 2026 ஆகஸ்டில் நிறைவடைகிறது.